இயந்திரத்தின் இந்தப் பக்கம்

தோட்டப்பாளையத்தில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்,
இரவு பன்னிரண்டு வரை திறந்திருக்கும் மருந்துக்கடையில்
கார்டு தேய்ப்பவள் நான்.
எந்த பேங்க் நல்ல பேங்க் என்று
என்னைக் கேளுங்கள்.
விளம்பரத்தில் சிரிப்பவர்களைக் கேட்காதீர்கள்.
அவர்களில் யாரும் ஒரு மனிதனின் முகத்துக்கு நேரே
'போகலைங்க' என்று சொன்னதில்லை.

சரக்குப் பதிவேட்டின் கடைசித் தாளில்
ஸ்கேலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

நீலம்: பத்துக்கு நான்கு.
ஐந்து லட்சம் லிமிட் கொடுத்துவிட்டு
காட்பாடியில் ரயில் இறங்கினாலே சந்தேகப்படும்.
அசன்சோலிலிருந்து வந்தவரிடம்
இவ்வளவு தூரம் எதற்குப் போனீர்கள் என்று கேட்டது.
புற்றுக்கு, என்றார் அவர்.
அதன்பிறகும்
தாயாரின் கன்னிப்பெயரைக் கேட்டது.

கறுப்பு: ஏழு.
கேள்வியே கிடையாது, தொட்டால் போதும்.
ஆனால் அதை நீட்டுகிறவர்களுக்கு
அது தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

சிவப்பு: இரண்டு.
ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, ஒன்பதை அழுத்து.
அந்தப் புல்லாங்குழல் எனக்கு மனப்பாடம்.
அது முடிவதற்குள்
குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த ஊசி
மேசையில் வியர்க்கத் தொடங்கிவிடும்.

என் கார்டுக்கு மார்க் போடவில்லை.
பதினெட்டாயிரம் லிமிட், மூன்று வருடமாக.
ஒரு தையல் மெஷின், ஒரு பல் பிடுங்கல்,
மீதி வட்டி.
வீட்டு ஆளைப் பற்றி வெளியே பேசுவதில்லை.

பச்சையில்தான் சிக்கல்.

ஆவணியில் ஓர் இரவு, மழை விட்ட நேரம்,
போளூர் எத்திராஜுலு வந்தார்.
பஞ்சர் கடைக்காரர், நகக்கண்ணெல்லாம் கரி.
மனைவிக்கு எழுதிய ஊசி நாற்பத்தோராயிரம்.
கார்டில் மிச்சம் நாற்பத்து மூன்று.
கணக்கு சரி. இயந்திரம் மறுத்தது.
துடைத்துத் தேய்த்தேன். மறுத்தது.
அவர் கார்டை வாங்கி
டியூபில் ஓட்டை தேடுகிற மாதிரி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ஸ்பீக்கரில் போட்டேன்.
பிறந்த தேதி கேட்டாள் ஒருத்தி.
அவருக்கு அது இரண்டு:
அம்மா சொன்னது ஒன்று, வாத்தியார் போட்டது ஒன்று.
முதலில் சொன்னது தப்பு.
'மன்னிக்கவும் சார், தகவல் பொருந்தவில்லை.'
எழுதி வைத்ததைப் படிக்கும் குரல்,
இஸ்திரி போட்ட குரல்.

அப்போது தெருவில் கண்டக்டர் கத்தினார்:
கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர், போளூர்.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு, யாரோ கதவை லேசாகத் திறந்தது போல,
'அக்கா... அது கடைசி வண்டியா?'
ஆமாம்மா.
'கண்ணமங்கலம் கூட்டு ரோட்ல நிக்கும் இல்ல?'
நிக்கும்.

மறுபடி இஸ்திரி.
'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது.
நீங்கள் கேட்கிற கேள்விக்கு மட்டுமே
என்னால் பதில் சொல்ல முடியும், மேடம்.'
சொன்னவள் வைக்கவில்லை.
காத்திருந்தாள்.
கடையின் டியூப்லைட் இரண்டு முறை கண் சிமிட்டியது.
எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.
ஒரே தடவையில் எவ்வளவு போகும்மா, என்று கேட்டேன்.
'இருபத்தையாயிரம்,' என்றாள்,
மூச்சு விட்டபடி.

வாத்தியார் போட்ட தேதியைச் சொன்னார்.
பூட்டு திறந்தது.
இருபத்தையாயிரம், பிறகு பதினாறாயிரம்.
இரண்டு துண்டுக் காகிதம்.
ஐஸ் டப்பாவை மார்போடு அணைத்து
அவர் சாலையைக் கடந்ததைப் பார்த்தேன்,
வண்டிகளைப் பார்க்காமல் கடந்தார்.

பச்சைக்கு ஒன்பது போட்டேன்.
அடுத்த வாரம் இன்னொரு பச்சைக் கார்டு, இன்னொரு குரல்,
நாற்பது நிமிடம்,
கடைசியில் லைனே அறுந்தது.
ஒன்பதை அடித்து மூன்று போட்டேன்.
மூன்றையும் அடித்தேன்.
எண் போட இடமில்லாத அந்தக் கட்டத்தில்
கண்ணமங்கலம் என்று எழுதினேன்.

மாதக்கடைசியில் சரக்கு எண்ணும்போது
முதலாளி விரல் வைத்துக் கேட்டார்:
இது என்ன மருந்து, ஸ்டாக் இருக்கா?

எப்பவாவது வரும் சார், என்றேன்.