திரிதல்

தளவாய்ப்பட்டிப் பால்பண்ணையில் எனக்கு இரவு ஷிப்ட்.
டேங்கர் வந்து நிற்கும்.
மாதிரி எடுத்து, கலக்கி,
கொழுப்பு இவ்வளவு, இதர சத்து இவ்வளவு என்று
எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
அந்தக் கையெழுத்தைத் தாண்டித்தான்
சேலத்தில் பாதிப்பேர் காபி குடிக்கிறார்கள்.
எனக்கு ஒரு டம்ளர் பால் ஆகாது.

ஐந்து ரோட்டுக் கிளினிக்கில்
பாலில் இருக்கிற சர்க்கரையை மட்டும்
தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள்.
அரைமணிக்கொரு தரம் குழாயில் ஊத வேண்டும்.
கல்யாண மண்டபத்து நாயனக்காரர் போலக் கன்னம் உப்பி
நான்காவது தடவை ஊதியபோது எண் எகிறியது.
"உங்க குடலு பாலை மறந்துருச்சுக்கா"
என்றாள் ஏற்காட்டு ஜெசிந்தா, எண்ணைக் குறித்தபடி.

மறக்கத்தானே வேண்டும்?
கன்றுக்கு மறக்கிறது. பூனைக்கு மறக்கிறது.
சேர்வராயன் மலையில்
காப்பித் தோட்டத்து வேலியை முட்டிச் சாய்க்கும்
காட்டெருமைக்கும் எப்போதோ மறந்துவிட்டது.
பால் மறக்கடிப்பது என்று நாம் சொல்வது
வேப்பெண்ணெய் தடவுவதை மட்டும் இல்லைபோல.
உள்ளே யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்கள்.

மறக்காதவர்கள்தான் விசித்திரம்.
என் வீட்டுக்காரர் செங்கோட்டுவேல்,
மேச்சேரிப் பக்கம் எருமைப் பட்டி வைத்திருந்த குடும்பம்.
கறந்த சூடு ஆறுமுன் ஒரு சொம்பை அண்ணாந்து ஊற்றி
மீசையைத் துடைத்துக்கொண்டு தூங்கிப்போவார்.
முதலிரவில் ஒரே சொம்பு:
அவருக்குப் பாதி, எனக்குப் பாதி.
அந்த இரவின் கதையை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவருக்கு ஓர் எழுத்து மாறியிருக்கலாம்.
ஒரே ஓர் எழுத்து.
அதுவும் விளக்கில் இல்லை,
பக்கத்து வீட்டுச் சுவரில் இருக்கிற சுவிட்சில்.
பத்தாம் வகுப்பில் புணர்ச்சி விதி படித்தோமே,
தோன்றல், திரிதல், கெடுதல் என்று
கடைசி பெஞ்சு சிரிக்கச் சிரிக்க.
இது திரிதல்.

எங்கேயோ, இந்த மலையடிவாரத்தில் இல்லை,
ரொம்பத் தூரத்தில், பல ஆயிரம் வருஷம் முன்னால்,
மழை பொய்த்த ஒரு வருஷம்
பாலைக் குடித்தவர்களெல்லாம் புதருக்கு ஓட
ஒரு வயிறு மட்டும் அமைதியாக இருந்தது.
அந்த வயிற்றின் பிள்ளைகள்
கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்தார்கள்,
கொஞ்சம் கூடுதலாக மாடு வைத்தார்கள்.
பிறகு மாடு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தது.
யாரை யார் கட்டி வளர்த்தது?
கயிற்றைப் பார்த்தால் தெரியவில்லை,
இரண்டு முனையிலும் முடிச்சு.

எங்கள் பக்கமும் மாடு இருந்தது.
வயிற்றைத் திருத்தத் தெரியாதவர்கள்
பாலைத் திருத்தினார்கள்.
ஒரு கரண்டி உறைமோர்.
இரவெல்லாம் சட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி வாய்கள்
எனக்கு ஆகாததில் ஒரு பங்கை எனக்காகத் தின்று
விடிவதற்குள் புளிப்பாக்கி வைத்தன.
டேங்கரில் பால் திரிந்தால் திருப்பி அனுப்புவது என் வேலை.
வீட்டில் அது திரிந்தால்தான்
எனக்குச் சோறு இறங்கும்.

எழுத்து, பெற்றவர்கள் வழியாகத்தான் வரும்.
உறைமோர் எதிர்வீட்டிலிருந்தும் வரும்.
வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபிறகு மட்டும் வராது.

தன்ஷிகாவுக்கு வருகிற தையில் ஆறு முடிகிறது.
அவள் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.
"ஊதிப் பாத்துரலாமா?" என்கிறார் அவர்.
ஷிப்ட் முடிந்து காலையில் வந்தேன்.
டம்ளரில் கால்வாசி மிச்சம் வைத்திருக்கிறாள்.
வயிற்றில் காதை வைக்கிறேன். கூச்சத்தில் நெளிகிறாள்.
உள்ளே, மிகத் தூரத்தில்,
மேட்டில் டேங்கர் கியர் மாற்றுவதுபோல ஒரு சத்தம்.
பசியாகவும் இருக்கலாம்.

எதற்கும் மிச்சப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து
கிண்ணத்தோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.
இன்று புதன்கிழமைதான்.