எந்தக் களஞ்சியம்?

இரும்புக் கடைக்கு மேல்மாடியில்
மூன்று இரவாக ஒரே பெயரை
அழித்துக்கொண்டிருக்கிறேன்.

சி மொழியில் எழுதிய பழைய கருவி.
எந்த வரியை யார், என்றைக்கு மாற்றினார் என்று
கேட்டால் சொல்லும்.
அதன் நெற்றியில் ஒரு மாறி: களஞ்சியம்.
எல்லாச் செயற்கூறுக்கும் பொது.
கேட்டு வாங்க வேண்டாம், கொண்டுவந்து கொடுக்க வேண்டாம்,
கை நீட்டினால் அங்கே இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறப்போம் என்றிருந்தபோது
அது நியாயம்தான்.
எழுதியவரை நான் திட்டவில்லை.
முதல் நாள் கொஞ்சம் திட்டினேன்.

இப்போது களஞ்சியத்துக்குள்ளே இன்னொரு களஞ்சியம்.
உள்ளே இருப்பதைப் பற்றிக் கேட்டால்
வெளியே இருப்பதன் குறிப்பைப் படித்து
தடுமாறாத குரலில் தப்பாகச் சொல்கிறது.

போன செவ்வாய் இந்த ஊரிலும் அதுதான் நடந்தது.
பார்சல் மேல் எழுதியிருந்தது:
கனகாம்பிகை, மூன்றாவது டிவிஷன்,
எஸ்டேட் ஆபீஸ் மூலம்.
ஆபீஸை இடித்து ஆறு வருஷம்.
அந்த டிவிஷன் கனகாம்பிகைகள் இரண்டு பேர்,
ஒருவர் ஃபிளாட்டில், ஒருவர் இஜோக்கில்.
ஜீவரத்தினம் மோட்டாரை நிறுத்தி யோசித்து
ஃபிளாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.
அந்த அம்மா பிரித்து
யாருக்கோ வந்த முட்டிவலித் தைலத்தைப்
பாதி தேய்த்தும்விட்டார்.
நல்ல குணம் தெரிகிறதாம்.

நான் அறிவிப்பு வரியை அழித்துவிட்டு
மேக் என்று தட்டினேன்.
நூற்றுப் பதினேழு பிழை.
கம்பைலர் கோபப்படுவதில்லை.
யார் யார் சொல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று
வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கிறது,
அவ்வளவுதான்.

ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றேன்.
எந்தக் களஞ்சியம்?
எனக்குத் தெரியாது, அழைத்தவனைக் கேள்.
அழைத்தவனுக்கும் தெரியாது.
அவனை அழைத்தவன் வேறொரு கோப்பில்.
ஏறி, ஏறி, மெயின் வரைக்கும் போய்
அங்கே ஒரு சுட்டியை வாங்கி
கைக்குக் கை கீழே இறக்கினேன்,
வாளித் தண்ணீர் மாதிரி, சிந்தாமல்.
ஒரு கைமாற்றுக்கு ஒரு கமிட்.
தாலினில் இருந்து பார்வையிடுகிறவர்
பதின்மூன்றாவதை இரண்டாகப் பிரி என்று எழுதினார்.
பிரித்தேன். அவர் சொன்னது சரி.

வரிசைப்படுத்தும் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.
ஒப்பிடும் செயற்கூறுக்கு இரண்டே கை.
இதில் ஒன்று, அதில் ஒன்று,
எது முந்தி என்று சொல்வதுதான் அதன் வேலை.
சுட்டியை எங்கே வைப்பது?
வாயிலா கவ்வும்?
விடிகாலை நான்கு மணிக்கு
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துப் போனபோது
அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்.
மேலே குறிப்பு எழுதினேன்:
இது பொது. தெரிந்தே. வெட்கத்துடன்.

சோதனைகள் எல்லாம் தேறின.
கடை திறக்க வந்த ஆ கியோங்
மூணு நாளா லைட் எரியுதே, என்ன புதுசா செஞ்சே என்றார்.
ஒண்ணுமில்லை, முன்னே எப்படியோ
அப்படியேதான் வேலை செய்யுது என்றேன்.
அதுக்கா மூணு நாள் என்று
ஷட்டரைத் தூக்கினார்.
எதிர்ப்பக்கம் ஜீவரத்தினம்
மீதித் தைலத்தைக் கூடையில் வைத்து
இஜோக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

இந்த ஊருக்கும் பெயர் மாற்றினார்கள்.
பலகையில் பெஸ்தாரி ஜெயா.
பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இன்னும்
பத்தாங் ஒண்ணு என்றுதான் காசை நீட்டுகிறார்கள்.
அறிவிப்பை மட்டும் மாற்றிவிட்டு
அழைப்புகளை விட்டுவிட்டார்கள்.

கமிட்டில் இரண்டு பெயரும் விழாது.
என் பெயர், மின்னஞ்சல், நேரம்,
நேரத்தின் வாலில் கூட்டல் எட்டு.
பெர்த்தும் அதற்குள், மணிலாவும் அதற்குள்.
எந்த ஊர் என்று
அது கேட்பதே இல்லை.