காஞ்சுடுச்சா

முதலில் வெள்ளரி விதை அளவுதான்.
மறுநாள் உள்ளங்கை.
ஆயுத பூஜைக்குள்
பீரோவுக்கு மேலே உப்புப் பூத்து,
மடித்து வைத்த துணியெல்லாம் சுண்ணாம்புச் செதில்.
சுவிட்சைத் தொட்டால் சுருக்கென்றது.

மாடியேறிச் சொன்னேன்.
"எங்க குழாய்லயே தண்ணி வரல,
உங்க வீட்ல எப்படிங்க ஒழுகும்?"
என்றார் எஸ்தர்ராணி.
இடுப்பில் குடம். லாரிக்குக் காத்திருந்தார்.
பொய் சொல்கிறார் என்று
அயனாவரம் மூன்றாம் பிளாக் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

தணிகாசலம் வந்து
அவர் குளியலறைத் தரையை உளியால் கொத்தினார்.
சிமெண்டுக்குள் வாய்பிளந்து கிடந்தது
ஓர் எல்போ.
மோட்டார் ஏற்றியதெல்லாம்
அவர் குழாய்க்குப் போகும் வழியில்
என் சுவரில் இறங்கியிருக்கிறது.
ஒன்றரை மாதம்
அவர் குளிக்காத தண்ணீரில்
என் மகளின் டி.சி. நனைந்திருக்கிறது.

இரண்டாயிரத்து நானூறு.
"பாதிப் பாதி போட்டுக்கலாமா?" என்றார்.
முழுசும் உங்களுது என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.
ஆயிரத்து இருநூறை எண்ணிக் கொடுத்தேன்.

பெயிண்டர் இப்போது தொடமாட்டாராம்.
ஈரத்தில் அடித்தால் உரிந்து வருமாம்,
தை பிறக்கட்டும் என்கிறார்.
பீரோ ஹாலின் நடுவில் நிற்கிறது.
கரண்ட் போனால் முட்டிக்கொள்கிறோம்.

படியில் பார்த்தால் எஸ்தர்
சாப்டாச்சா என்று கேட்பதில்லை இப்போது.
"காஞ்சுடுச்சா?"
"எங்கங்க."

நேற்று உள்ளே வந்து
தானும் கை வைத்துப் பார்த்தார்.
வீட்டிலிருக்கும் ஒரே டேபிள் ஃபேன்
சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.
எங்கள் இருவருக்கும் வேர்த்தது.