கலிங்கு

திரை முழுக்கச் சிவப்பு.
கட்டி தெரியவில்லை, சிரை தெரியவில்லை,
உள்ளே போன கருவியின் நுனிகூட.

"ஸ்கோப்பை உருவ வேண்டாம். தண்ணி விடுங்க."
டாக்டர் சபிதா
தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

ரிங்கர் பாட்டிலைச் சற்று உயர்த்துகிறேன்.
காலையிலேயே வெந்நீரில் கிடத்தி
பிள்ளைக்குப் பால் ஆற்றுகிறவள் மாதிரி
மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தது.

பர்கூர்க்கார மயக்க டாக்டர்
மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்கிறார்:
"கலிங்கு திறந்திருக்கா?"
வெளியேறும் குழாய்க்கு அவர் வைத்த பேர்.
வரத்து இருந்து போக்கு அடைத்த ஏரி
என்ன செய்யும் என்று
கிருஷ்ணகிரியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
குனிந்து பார்க்கிறேன்.
சொட்டுகிறது, ரோஜா நிறத்தில்.

மேசையில் திம்மக்கா, முப்பத்து நான்கு வயது,
காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலை.
விரலில் கிளிப் மாட்டும்போது பார்த்தேன்,
நகக்கண்ணில் இன்னும் மஞ்சள்.

ஐந்து நிமிடம்.
ஏழு.
சுடும் கம்பி தட்டிலேயே கிடக்கிறது.
கண்ணுக்குத் தெரியாததைச் சுட்டால்
எதைச் சுட்டோம் என்று
அவள் எழுந்த பிறகுதான் தெரியும்,
எழுந்தால்.

நாலாவது பாட்டிலை மாற்றும்போது
என் கை நடுங்கியது.
யாரும் பார்க்கவில்லை.

பிறகு ஓரத்தில்
அரிசி களைந்த மூன்றாம் தண்ணீர்போல்
ஒரு வெளுப்பு.
அதற்குள் நீலமாய் ஒரு சிரை.
அதன் பக்கத்தில் கட்டி,
இத்தனை நேரமும்
எங்கேயும் போகாமல்.

"ம்" என்றார் சபிதா.

ஐந்தாவது பாட்டிலையும்
வெந்நீரில் கிடத்தினேன்,
எதற்கும் இருக்கட்டும்.