தட்டு

தட்டு ஒட்ட நாள் குறித்தது வைகாசிக் கடைசிப் புதன்.
சாரல் இறங்குமுன் முடிக்கணும் என்று இவர் பறந்தார்.
சென்ட்ரிங் பலகைக்கு நாள்வாடகை ஏறிக்கொண்டிருந்தது.

கம்பிக்கு என் பீடி பி.எஃப்.
"பதினோரு வருசம் மடியில கெடந்த தட்டு
இப்பம் தலைக்கு மேல ஏறப்போவுது"
என்று கோமு மைனி சிரித்தாள்.
சிரித்தவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.
செயின் ஆலங்குளத்து பேங்கில்,
அடகுச் சீட்டு எங்கள் பெட்டியில்.

விடியுமுன் வந்துவிட்டார்கள்.
பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லி
திருப்பூரிலிருந்து உச்சிமாகாளி அத்தான்.
தக்காளி பறிப்பை விட்டுவிட்டு சுரண்டைச் சித்தப்பா.
முக்கூடல் பெரியம்மை மக்கள் மூன்று பேர், ஒரே பைக்கில்.
இவரோடு படித்த ஞானதீபம்:
உறவில்லை, வேதம் வேறு,
மாப்ள என்றுதான் கூப்பிடுவான்.
சம்பளம் கொத்தனாருக்கும் மிக்சர்காரருக்கும் மட்டும்.
மற்றவர்களுக்கு டீ, வடை, மத்தியானம் கறிச்சோறு.

மூட்டை ஒன்றுக்கு எம்சாண்ட் ஆறு சட்டி, ஜல்லி ஒன்பது.
கை மாறி, கை மாறி,
சாரத்தில் ஏறிப் போனது வீடு.

மூன்று மணிக்கு மிக்சர் நின்றது.
பாதித் தட்டு ஈரம். பாதி வெறும் கம்பி.
"இப்படியே விட்டா ஒட்டு விழுந்துரும், கேட்டேளா.
பொறவு ஒங்க பேரன் காலத்துக்கும் ஒழுகும்."
கொத்தனார் ஒரு பீடியைப் பற்றவைத்தார்.
நான் சுற்றியதாகவும் இருக்கலாம்.

இருபத்தெட்டு மூட்டை பாக்கி.
அத்தான் சட்டையைக் கழற்றி முருங்கையில் போட்டார்.
"கையால கொழைப்போம். என்ன இப்பம்?"

ஏழு மணிக்கு இருட்டு.
எங்களுக்கு இன்னும் கரண்டு கொடுக்கவில்லை.
நாலு போனில் டார்ச் அடித்தோம்.
ஒவ்வொன்றாகச் செத்தது.

பக்கத்து வீடு சொரிமுத்து அண்ணன்.
இவருக்குப் பெரியப்பா மகன்.
இரண்டடி இடத்துக்கு மூன்று வருசமாகக் கேஸ்.
கல்யாணத்துக்குப் போவதில்லை;
சாவுக்குப் போனால் வாசலோடு திரும்புவது.

மொட்டைமாடிக்கு வந்தார். நின்றார். போய்விட்டார்.
"பாத்துச் சந்தோசப்பட வந்திருக்கான், சவத்துப் பய."
யார் சொன்னது என்று இருட்டில் தெரியவில்லை.

அப்புறம் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு கம்பு எழுந்தது.
நுனியில், கோயில் கொடைக்குக் கட்டுகிற போகஸ் லைட்டு.
பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது.
ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டு
பிறகுதான் கயிற்றால் கட்டினார்.
உள்ளே மோட்டார் போடும் சத்தம்.
பச்சை ஓஸ் ஒன்று சுவர் தாண்டி எங்கள் டிரம்முக்குள் விழுந்தது.

யாரும் பேசவில்லை.
மம்பட்டிகள் மட்டும் கொஞ்சம் வேகமாகச் சத்தம் போட்டன.

முடிய பத்தரை ஆயிற்று.
மத்தியானக் கறி ஆறிக் கொழுப்புக் கட்டியிருந்தது,
அப்படியே தின்றார்கள்.
மதிவதனி சாக்குமேல் தூங்கிப் போயிருந்தாள்,
நாலு வயசுத் தலை முழுக்க சிமெண்டில் நரைத்து.

மறுநாள் மொய் நோட்டில் எழுதினேன்.
கோமு மைனி: இரண்டே முக்கால் பவுன்.
அத்தான்: மூன்று நாள் சம்பளம்.
சித்தப்பா: ஒரு பறிப்புத் தக்காளி.
ஞானதீபம்: கம்பி கிழித்த உள்ளங்கை.
அவரவர் தட்டு ஒட்டும்போது போய்ச் செய்துவிடலாம்.
சொரிமுத்து என்று எழுதிவிட்டுப்
பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.
அவருக்கு வீடு ஏற்கெனவே இருக்கிறதே.

"வாய்தா பதினாலாம் தேதி"
என்றார் இவர், முதுகுக்குத் தைலம் தேய்க்கச் சொல்லிக் கவிழ்ந்தபடி.
"அங்க வச்சுப் பாத்துக்கிடுவோம்."
எதைப் பார்ப்பது என்று நானும் கேட்கவில்லை.

ஆனியில் சாரல் வந்தது.
மேற்கே மலை மறைந்து
காற்றாடிகள் காலில்லாமல் சுற்றின.
வீட்டில் இருந்த சட்டியெல்லாம் எடுத்துவைத்து
அண்ணாந்து காத்திருந்தோம்.

பகலும் ராத்திரியும் சேர்ந்த அந்த இடத்தில்
ஒரு சொட்டு இல்லை.
சன்ஷேடு ஓரம்,
காலையில், நல்ல வெயிலில், எல்லாரும் பார்க்க,
கொத்தனார் தன் கையாலேயே
நிதானமாகப் போட்ட இடத்தில்தான்
டொப்.
டொப்.