முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள்

சம்மாந்துறை. இரவு ஒன்பதே கால்.
கூட்டுறவுச் சங்கத்தின் பின்னறையில்
பழைய இயந்திரம் நெல்லாலைபோல் இரைகிறது.
நாற்பத்தோராயிரம் பதிவுகளைக்
கோப்பிலிருந்து எடுத்து
அட்டவணையில் இறக்க வேண்டும், விடியுமுன்.
அதற்குத்தான் கல்லடியிலிருந்து
லப்டொப்பும் இடியப்பப் பார்சலுமாய் வந்தேன்.

கோப்பு எவரையும் எதுவும் கேட்டதில்லை.
வந்தவர் வந்த ஒழுங்கில் உள்ளே.
ஒருவரை அழித்தால் அவர் நின்ற இடம்
பல் விழுந்த ஈறாய் அப்படியே கிடக்கும்.
பெயருக்கு இவ்வளவு இடம், அதற்குமேல் கத்தரி.
ஊரிலுள்ள இஸ்மாலெவ்வைகள் எல்லாரும்
இருபத்தைந்து வருடமாய் அங்கே
இஸ்மாலெவ்.
எண் நிற்க வேண்டிய இடத்தில்
வெறும் இடைவெளி வந்து நின்றாலும்
சரி, இரு என்று விட்டுவிடும்.
வாசிக்கப் போகும்போதுதான் கத்தும்.

அட்டவணை வேறு பிறவி.
எழுதும்போதே மறிக்கும்.
திகதியா? பதின்மூன்றாம் மாதம் கிடையாது, திரும்பிப் போ.
எண்ணா? காட்டு.
யார் முதலில் வந்தவர் என்று கேட்டால்
எந்த நிரலின்படி என்று
நம்மையே திருப்பிக் கேட்கும்.

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.
பள்ளிக்கூடம் போன நாட்களில் பாலத்தடியில்
புத்தகப் பையைக் கொட்டிக் காட்டியவள் நான்.
அடையாள அட்டையின் மூலை மடிந்திருந்ததென்று
அப்பாவை ஒரு மணிநேரம் வெயிலில் நிறுத்தினார்கள்.
வாசலில் நின்று கேள்வி கேட்கும் எதையும்
மூளைக்கு முன்னே என் வயிறு வெறுக்கும்.

பதினொன்றரைக்கு ஓடி முடிந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள் வெளியே.

"என்னகா செய்ற இப்ப?" என்றாள் ஜெனூபா.
பகலில் இங்கே தட்டச்சுபவள்.
"மனேஜர் எல்லாத்துக்கும் சைபர் போடச் சொல்லிட்டுப் போறார்."

முதல் வரியைத் திறந்தேன்.
உறுப்பினர் 0713. மல்வத்தை.
தெய்வானைப்பிள்.
1999 பெரும்போகம். நெல் எடை:
ஆறு வெற்றிடங்கள்.
சைபர்கூட இல்லை.

பிறகெப்படி இத்தனை காலம் கணக்கு ஓடியது?
மொத்தம் கூட்டும் புரோகிராமைத் தோண்டினோம்.
நூற்று நாற்பதாம் அடியில் யாரோ ஒருவர்,
மாதமுடிவின் அவசரத்தில் இருக்கலாம்,
எழுதி வைத்திருந்தார்:
எடை பிழையென்றால் தாண்டிப் போ.

தாண்டிப் போயிருக்கிறது.
பங்குலாபம் பிரித்த ஒவ்வொரு மார்ச்சும்
அவள் தலைக்கு மேலால்
ஒரு மாடு வரப்பைத் தாண்டுவதுபோல், சத்தமின்றி.

கேட்காமல் உள்ளே விட்ட கோப்பு
உள்ளேயே இருத்தி, எண்ணாமல் விட்டிருக்கிறது.
மறித்த அட்டவணைதான்
அவள் பெயரை உரத்துச் சொன்னது,
அதுவும் பாதிப் பெயரை.

இதற்காக நான் அதை நேசிக்கப் போவதில்லை.

சைபர் போடவில்லை.
போட்டால் அவள் ஒரு மணியும் கொண்டுவரவில்லை என்றாகிவிடும்.
எடை நிரலின் வரையறையைத் திறந்து
'கட்டாயம்' என்பதை எடுத்துவிட்டேன்.
இனி அங்கே 'தெரியாது' வந்து உட்காரலாம்,
எண்ணைப்போல வேடமிடாமல்.

ஜெனூபா அதோடு விடவில்லை.
இரும்பலுமாரியைத் திறந்து
தராசுச் சிட்டைக் கட்டுகளை நிலத்தில் பரப்பினாள்.
எலி கடித்த ஓரம், கறள் பிடித்த குண்டூசி.
போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ப் புரட்டி
இரண்டு மணிக்குப் பிறகு
"இந்தா, தெய்வானைப்பிள்ளை" என்றாள், முழுப்பெயராய்.
மூன்று சிட்டை.
இரண்டில் எடை துலக்கமாய் இருந்தது.
மூன்றாவதில் கார்பன் மங்கி
ஐம்பத்து மூன்றா, ஐம்பத்தெட்டா?

ஆளுக்காள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தோம்.
"எட்டு" என்றாள்.
எனக்கு மூன்றாய்த் தெரிந்தது.
அட்டவணைக்கு இரண்டும் எண்தான்,
எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

சுபஹுக்குப் பாங்கு சொன்னபோது
இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றாறு வரிகள்.
இடியப்பம் காய்ந்துபோயிருந்தது.
0713-ஐ மட்டும்
நாங்கள் இன்னும் மூடவில்லை.