ஏறிய இடம், இறங்கிய இடம்

முள்ளோடை தாண்டும்போது இடது கண்ணோரம்
ஒரு வெல்டிங் பொறி.
பத்து ரூபாய் நீட்டிய அம்மாவின்
பாதி முகத்தைக் காணவில்லை.
மீதி முகத்திடம் சில்லறை கேட்டேன்.

தவளக்குப்பம் வருவதற்குள் வந்துவிடும்.
வலது நெற்றிப்பொட்டுக்குள் யாரோ
டிக்கெட் கிழிப்பதைப் போல,
விடாமல், ஃபுல் லோடுக்கு.

பித்தம் என்றார் மாமனார்.
ஆவி பிடித்த வருடம் அது சைனஸ்.
பவர் இல்லாத கண்ணாடி ஒன்று போட்டேன்.
திருவந்திபுரத்தில் மொட்டை அடித்தேன்,
மொட்டைத்தலையும் வலித்தது.
ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றவர்
சந்தோஷமாகச் சொன்னார்.
ஒன்றுமில்லாததற்கு எப்படி லீவு கேட்பது?

பஸ் ஸ்டாண்ட் மெடிக்கலில் நான் வாய் திறக்கவே வேண்டாம்,
கிட்டே போனாலே அட்டையைக் கிழித்துவிடுவார்.
சிங்கிளுக்கு ஒரு மாத்திரை.
நாளுக்கு ஆறு சிங்கிள்.

பிறகுதான் கடலூரில் ஒரு டாக்டர்
பெயரை எழுதிக் கொடுத்தார்: மைக்ரேன்.
அதன் கீழே, கோரிமேடு, நரம்பியல், வியாழக்கிழமை.
ஒற்றைத் தலைவலிதான், என்றார்.
ஒற்றையா?
அது எப்போது தனியாக வந்தது?
வாந்தியைக் கூட்டிவரும், வெளிச்சத்தைக் கூட்டிவரும்,
முன்சீட்டு மல்லிகைப்பூ கையில் கத்தி கொடுத்துக் கூட்டிவரும்.

என் விசிலை ஊத நானே பயந்த நாட்களில்
கொளஞ்சி அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து திரும்பாமல் சொன்னார்:
"தட்டுப்பா. ரெண்டு தட்டு தட்டு, எடுத்துக்கறேன்."
தகரத்தில் ரெண்டு தட்டு.
வண்டி ஒருவன் வலியைச் சுற்றிப் போகிறதென்று
நின்றுகொண்டு வந்தவர்களுக்குத் தெரியாது.

தினம் மூன்று முறை பாண்டி போகிறவன்
அந்த வியாழன் பயணியாகப் போனேன்.
ஜன்னல் சீட்.
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஐந்தரைக்கே வரிசை. சீட்டு, நம்பர், பெஞ்ச்.
பதினோரு மணிக்கு டாக்டர் நிலோபர்.
ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு
என்னைக் கேட்டார்:
எங்கே ஏறுது? எங்கே இறங்குது?
கூட யார் யார் வராங்க?
பன்னிரண்டு வருடத்தில் எவரும் என்னிடம் கேட்டதில்லை.
நான்தான் எல்லோரிடமும் கேட்பேன்.

நோட்டுப் போட்டு எழுதச் சொன்னார்.
எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான், டிரிப் ஷீட்.
ஏறிய இடம்: ரெட்டிச்சாவடி, 10.40. காலையில் சாப்பிடவில்லை.
இறங்கிய இடம்: மறுநாள்.
மாத்திரை: ஐந்து.

அடுத்த மாதம் அந்தத் தாள்களைப் பார்த்துச் சிரித்தார்.
பிறகு சிரிக்காமல்
மாத்திரைக் கட்டங்களை மட்டும் வட்டமிட்டார், ஒவ்வொன்றாக.
"முன்னாடி வலி வந்ததால மாத்திரை போட்டீங்க.
இப்ப மாத்திரை போடறதால வலி வருது."
நிறுத்தச் சொன்னார்.

அந்தப் பதினாறு நாளைப் பற்றி எழுத மாட்டேன்.
பெரியநாயகி ஜன்னலுக்குப் போர்வை அடித்தாள்,
சட்னியை மாடிவீட்டில் அரைத்துக்கொண்டு வந்தாள்.
அவ்வளவு போதும்.

இரவில் ஒரு சின்ன மாத்திரை, தினமும்.
பொறி தெரிந்ததும் போட வேறொன்று, காசுப் பையில்.
வாரத்துக்கு இரண்டுக்கு மேல் கிடையாது.
பதினேழு என்று கூட்டிய கட்டத்தில்
இப்போது நாலு என்று எழுதுகிறேன்.
பூஜ்யம் ஆக்கிவிடுவேன் என்று அவர் சொல்லவில்லை.
அதனால்தான் நம்பினேன்.

நேற்று கிருமாம்பாக்கத்தில்
வீறிட்டுக்கொண்டே ஒரு குழந்தை ஏறியது.
அரியாங்குப்பம் வரைக்கும் அழுதது.
குழந்தை அழும் சத்தம்.
அதற்குள் வேறு எதுவும் இல்லை.
ஒருமுறை கவனித்துக் கேட்டுப் பார்த்தேன்,
இல்லை.

முருங்கப்பாக்கம். இரண்டு பேர் இறங்கினார்கள்.
கொளஞ்சி அண்ணன் கியரில் கை வைத்து
தட்டுக்குக் காத்திருந்தார்.
சட்டைப்பையில் நூலோடு கிடந்ததை எடுத்து
ஊதினேன்.